ஜூலை 4, கடற்கரை, வாணவேடிக்கை: நியூ ஜெர்சியில் அந்த நாளைத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த வருடம், அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று வாணவேடிக்கை பார்க்க நியூ ஜெர்சிக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். மதியம் மூன்று மணிக்கே இடம் பிடித்து ஜமுக்காளம் விரித்தாயிற்று. ஆறு மணிக்கு ஒரு முறையும் எட்டு மணிக்கு ஒரு முறையும் அம்மா கேட்டார்: "ஏன்டா, நாம எப்ப வெடி போடுறது?" நாம் போடுவதில்லை, பார்ப்பது மட்டும்தான் என்றேன். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். ஒன்பதேகாலுக்குத் தொடங்கியது, ஒன்பதே முக்காலுக்குள் முடிந்தது. அம்மா வாய் மூடாமல் பார்த்தார் என்பது வேறு விஷயம். ஆனால் பார்க்கிங்கிலிருந்து கார் தெருவுக்கு வரவே ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் அழுகை, ஒருவருக்கு அவசரமாகக் கழிப்பறை, எல்லோர் உடம்பிலும் மணல். வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை.

அன்றிலிருந்து நான் இந்த நாளைக் காலையிலிருந்து திட்டமிடுவதில்லை. இரவு பத்து மணியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறேன். எந்த ஊர், எங்கே உட்காருவது, எவ்வளவு சாமான் என்பதெல்லாம் "முடிந்ததும் எப்படிக் கிளம்புவோம்" என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது.

எடிசன், ஐஸ்லின், பிளெயின்ஸ்போரோ பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு மாநிலக் கடற்கரை என்றால் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். காற்றும் கூட்டமும் எங்கும் ஒன்றுதான்.

ஏன் வெடி?

குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள், பதில் தெரிந்திருப்பது நல்லது. 1776ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று பிலடெல்பியாவில் 13 காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபை பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று வாக்களித்தது. அதை உலகுக்குச் சொல்லும் சுதந்திரப் பிரகடனத்தை ஜூலை 4 அன்று ஏற்றது. இடையில் ஜூலை 3 அன்று அந்தச் சபை உறுப்பினரான ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெயிலுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 2ஆம் தேதியை இனி வரும் தலைமுறைகள் ஊர்வலம், விளையாட்டு, பீரங்கி, மணியோசை, தீப ஒளி எல்லாவற்றோடும் கொண்டாடும் என்று அதில் சொல்லியிருந்தார். கொண்டாட்டத்தைச் சரியாகச் சொன்ன மனிதர் தேதியில் இரண்டு நாள் சறுக்கிவிட்டார். மறு வருடமே, 1777 ஜூலை 4 அன்று, பிலடெல்பியாவில் வாணவேடிக்கை நடந்தது. 13 ராக்கெட்டுகளில் தொடங்கி 13 ராக்கெட்டுகளில் முடித்தார்கள், காலனிக்கு ஒன்று என்ற கணக்கில். 1870இல் இது கூட்டாட்சி விடுமுறை ஆனது. 2026இல் பிரகடனத்துக்கு 250 வயது.

முதல் வேலை: ஊரைத் தேர்ந்தெடுப்பது

ரயிலா, காரா? இதை முடிவு செய்தால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

ரயில் என்றால் நார்த் ஜெர்சி கோஸ்ட் தடம். எடிசன், மெட்ரோபார்க் நிலையங்களிலிருந்து வருகிறவர்கள் ராவேயில் இறங்கி மாற வேண்டும். லாங் பிராஞ்ச் வரை மின்சார ரயில். அதற்குத் தெற்கே ஆஸ்பரி பார்க், பெல்மார், பாயின்ட் பிளசன்ட் பீச் போக, பெரும்பாலும் லாங் பிராஞ்சில் இன்னொரு முறை மாற வேண்டியிருக்கும். நிலையத்திலிருந்து கடலுக்குப் பதினைந்து இருபது நிமிட நடை. அன்று விடுமுறை நாள் அட்டவணைதான் ஓடும், ரயில்கள் குறைவு. ஆகவே திரும்பும் ரயில்களில் கடைசி இரண்டின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு ஊரைத் தேர்ந்தெடுங்கள். கடைசி ரயிலையே நம்பிப் போகாதீர்கள், அதற்கு முந்தையதை நம்புங்கள்.

கார் என்றால் கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலைதான் கதி. லாங் பிராஞ்சுக்கு 105ஆம் எக்ஸிட், பெல்மாருக்கு 98, சீசைட் ஹைட்ஸுக்கு 82. இதில் கவனிக்க வேண்டியது ஊருக்குள் போகும் வழிகளின் எண்ணிக்கை. சீசைட் ஹைட்ஸ் போன்ற ஊர்கள் கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவே ஒல்லியான மணல் திட்டில் இருக்கின்றன. வெளியே வரப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் ஒரு பாலத்தை நோக்கித் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிலத்தோடு ஒட்டியிருக்கும் லாங் பிராஞ்ச், ஆஸ்பரி பார்க் போன்ற ஊர்களில் மேற்கே போக நாலைந்து தெருக்களாவது கிடைக்கும். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு எப்போதும் இந்த ரகத்துக்குத்தான்.

தேர்ந்தெடுத்த ஊரின் அறிவிப்பை ஒரு வாரம் முன்பும், அன்று காலையும் பாருங்கள். சில ஊர்கள் 3ஆம் தேதியோ வார இறுதியிலோ வெடிக்கும். மழை வந்தால் மாற்றுத் தேதி உண்டா என்பதும் அங்கேயே இருக்கும்.

மணலுக்கும் டிக்கெட்

மெரினாவில் காலாற நடந்து பழகியவர்களுக்கு இது முதலில் புரியாது. நியூ ஜெர்சியின் பெரும்பாலான கடற்கரைகளில் கோடையில் கால் வைக்க பேட்ஜ் வாங்க வேண்டும்; உயிர்காப்பாளர் சம்பளமும் துப்புரவும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இலவசம், வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். அட்லாண்டிக் சிட்டியும் வைல்டுவுட்டும் பேட்ஜ் கேட்காத கடற்கரைகள். மற்ற ஊர்களிலும் மாலை ஐந்து ஆறு மணிக்கு மேல் சரிபார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால், வெடி மட்டும் பார்க்க வருகிறவர்களுக்குச் செலவு மிச்சம்.

மதுவுக்குப் பெரும்பாலான ஊர்களில் தடை. பொதுக் கடற்கரையில் புகை பிடிப்பது 2019இலிருந்து மாநிலம் முழுவதும் தடை. சில ஊர்களில் கூடாரம் போட முடியாது, சில ஊர்களில் போர்டுவாக் என்ற கடலோரப் பலகை நடைபாதையில் முதுகுப்பை கூடாது, சில ஊர்களில் பதின்வயதுப் பிள்ளைகள் இரவில் பெரியவர் துணையில்லாமல் நடமாட முடியாது. போகும் ஊரின் விதியை மட்டும் படித்தால் போதும்.

வெடியை வீட்டில் விடுங்கள், வீட்டிலும் வைக்காதீர்கள்

அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். நமக்கு வெடி என்றால் கையில் ஊதுபத்தி, வாசலில் சரம், காலையிலேயே தொடங்கும் பட்டியல்: கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம், லட்சுமி வெடி. தீபாவளியை நியூ ஜெர்சியில் பாதித் தொண்டையோடு கொண்டாடிவிட்டு, ஊரே வெடிக்கும் ஜூலை 4 வரும்போது கை பரபரக்கும். அந்தப் பரபரப்புதான் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது.

நியூ ஜெர்சியில் சரவெடியும் ராக்கெட்டும் வானத்தில் போய் வெடிக்கும் எதுவும் சட்டவிரோதம். 2017இல் வந்த சட்டத் திருத்தம் கம்பி மத்தாப்பையும் தரையிலேயே எரியும் சிறு ரகங்களையும் மட்டும், 16 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதித்தது. டெலவேர் நதியைத் தாண்டினால் பென்சில்வேனியாவில் பெரிய பெரிய கடைகள். அங்கே வாங்குவது சட்டப்படி சரி, நியூ ஜெர்சிக்குள் கொண்டுவருவது தவறு. வருடம் தவறாமல் யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "நான் போறேன், யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். பதில் போடாமல் இருங்கள்.

சரி, கம்பி மத்தாப்பாவது கடற்கரைக்குக் கொண்டு போகலாமா? வேண்டாம் என்பேன். பல ஊர்களின் கடற்கரை விதிகள் அதையும் விடுவதில்லை. சாண்டி ஹூக் தேசியப் பூங்காத் துறையின் இடம், அங்கே எந்த வெடிக்கும் அனுமதி இல்லை. விதியை விடுங்கள், எரியும் மத்தாப்பின் நுனி 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. முடிந்ததும் நாம் பழக்கத்தில் கம்பியை மணலில் குத்துவோம். மணல் அந்தச் சூட்டை வெளியே காட்டாமல் வைத்திருக்கும், இருட்டில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதன் மேல்தான் மிதிக்கும். வீட்டுக் கொல்லையில் கொளுத்துவதானால் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு கம்பியையும் அதில் போட்டுவிடுங்கள். பற்றாமல் போனதைக் குனிந்து ஊதிப் பார்க்கும் ஊர் வீரம் வேண்டாம். இருபது நிமிடம் விட்டு, தண்ணீரில் ஊறப்போட்டுக் குப்பையில் போடுங்கள்.

வாணவேடிக்கை என்ற சொல்லிலேயே வேடிக்கை இருக்கிறது. இந்த ஒரு நாள் நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள்.

மூட்டை கட்டுவது

விதி ஒன்றுதான்: திரும்பும்போது ஒரே நடையில் தூக்கிவர முடியாததைக் கொண்டுபோகாதீர்கள். அப்போது ஒரு கையில் தூங்கும் குழந்தை இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஜமுக்காளம் அல்லது பழைய பெட்ஷீட் இரண்டு. ஆளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை. ஜூலையிலும் இரவில் கடல் ஓரம் ஈரக் குளிர் இருக்கும். டார்ச், குப்பைப் பை, குழந்தைகளுக்குக் காதை மூடும் மஃப். ஒரு டப்பா டால்கம் பவுடர்: காலில் தூவித் துடைத்தால் ஈர மணல் உதிர்ந்துவிடும். காருக்குள் மணல் வராமல் இருக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

சாப்பாட்டுக்குப் புளியோதரை. வெயிலில் கெடாது, ஆறினாலும் ருசி குறையாது, ஸ்பூன் போதும். தயிர் சாதம் வேண்டுமானால் ஐஸ் பெட்டியில் வைத்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். கூடவே சிப்ஸ், வெள்ளரிக்காய், நினைப்பதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர். அங்கே எல்லோரும் ஹாட் டாக் சாப்பிடுவார்கள், பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள், போர்டுவாக்கில் வாங்கிக்கொடுங்கள். ஆனால் திறந்த தட்டோடு மணலில் நடக்காதீர்கள். நியூ ஜெர்சிக் கடற்புறாக்கள் கையிலிருப்பதைப் பறிப்பதில் கைதேர்ந்தவை. ஓஷன் சிட்டி என்ற ஊர் 2019இல் அவற்றை விரட்டப் பருந்துகளையும் வல்லூறுகளையும் பழக்கியவர்களை வேலைக்கு வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் இருந்தால் வீட்டிலேயே, ஜன்னலை மூடி, ரேடியோ போட்டு விட்டுவிடுங்கள்.

பகல் பொழுது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சன்ஸ்கிரீன் நமக்கும் வேண்டும், "நாம கறுப்பு, ஒண்ணும் ஆகாது" என்பது இரண்டு நாள் தோல் எரியும் வரைதான். உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், அவர்களுடைய கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். மாலை ஐந்து ஆறு மணிக்கு உயிர்காப்பாளர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், இருட்டிய பின் ஒரு அடிகூட வேண்டாம்.

கயிறு கட்டி அடைத்திருக்கும் மணல் பகுதிகளைச் சுற்றிப் போங்கள். பைப்பிங் பிளோவர் என்ற சின்னஞ்சிறு உப்புக்கொத்தி இனம் இந்த மாதங்களில் வெறும் மணலில்தான் முட்டையிட்டுக் குஞ்சுகளை வளர்க்கிறது. அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சட்டப் பாதுகாப்பு பெற்ற பறவை.

எங்கே உட்காருவது

இந்த வழிகாட்டியில் எதையாவது ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

ஐந்து மணி வாக்கில் இடத்தை மாற்றுங்கள். பகலில் குளித்த இடமும் இரவில் பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதலில் எங்கிருந்து வெடிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்: கடலில் நிறுத்திய மிதவையா, பாலம் போல நீளும் பியரா, மணலில் வேலி போட்ட பகுதியா. போர்டுவாக்கில் நிற்கும் போலீஸ்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அடுத்தது காற்று. வாணவேடிக்கையைக் கெடுப்பது மழையைவிட அதிகமாகப் புகைதான். கோடை மாலைகளில் இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசும். புகை வடகிழக்கே, கடலுக்குள் போகும். அந்த நாளில் வெடிக்கும் இடத்துக்குத் தெற்கே உட்கார்ந்தவர்கள் பாக்கியசாலிகள். கடற்காற்று கரையை நோக்கி வந்துகொண்டிருந்தால் புகை உங்கள் மேல்தான் வரும், எந்தப் பக்கம் சாய்வாக அடிக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் நகருங்கள். ஒரு பிடி உலர்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து உதிர்த்தால் தெரிந்துவிடும். மிக மோசமானது காற்றே இல்லாத இரவு. முதல் ஐந்து நிமிடம் பளிச்சென்று இருக்கும், கடைசி உச்சக்கட்டம் முழுவதும் புகைத் திரைக்குப் பின்னால் வெறும் சிவப்பு வெளிச்சமாகத் தெரியும்.

தூரம்? முன் வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். தொழில்முறை வாணக் குண்டுகளை அவற்றின் விட்டத்தின் அளவால் சொல்வார்கள். தோராயக் கணக்கு, ஒரு அங்குல விட்டத்துக்கு 100 அடி உயரம். 6 அங்குலக் குண்டு 600 அடி, அதாவது 180 மீட்டர் வரை போய் விரியும். அதே குண்டுக்கு அங்குலத்துக்கு 70 அடி என்ற கணக்கில் சுற்றிலும் 420 அடி தூரத்துக்குள் பார்வையாளர் யாரும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. அந்த வேலியை ஒட்டி உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், சாம்பல் புளியோதரையில் விழும், சின்னக் குழந்தை பயந்து அழும். அரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் முழு வானமும் ஒரே பார்வையில் அடங்கும்.

கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நேர அட்டவணையை நோவா என்ற அரசு அமைப்பு இணையத்தில் வெளியிடுகிறது. ஐந்து மணிக்கு அகலமாகத் தெரிந்த மணல் ஒன்பது மணிக்குப் பாதியாகியிருக்கலாம். ஈரக் கோட்டுக்கு மேலேயே விரியுங்கள்.

கடைசியாக வாசல். உங்களுக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் கூட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நான் இப்போதெல்லாம் வெடிக்கும் இடத்திலிருந்து மூன்று நான்கு தெரு தள்ளி, போர்டுவாக் படிக்கட்டுக்குப் பக்கத்தில், ரயில் நிலையம் இருக்கும் திசையில் உட்காருகிறேன். காரையும் அதே போல மேற்கே தள்ளி, போகும் திசையைப் பார்த்து நிறுத்துகிறேன்.

அந்த இருபது நிமிடம்

கிழக்குக் கடற்கரை என்பதால் சென்னையைப் போல இங்கும் சூரியன் முதுகுக்குப் பின்னால் மறையும். ஜூலை 4 அன்று அது எட்டரை மணி வாக்கில். கடல் பக்கம் வானம் முதலில் கறுக்கும். ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் தொடங்கும். கழிப்பறைக்கு எட்டரைக்கே போய்வந்துவிடுங்கள்.

குழந்தைகளோடு விளையாட இரண்டு விஷயங்கள். வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். சத்தம் மூன்று விநாடி கழித்து வந்தால் குண்டு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெடித்திருக்கிறது. அரை கிலோமீட்டர் என்றால் ஒன்றரை விநாடி. இரண்டாவது நிறம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், வெள்ளைக்கு அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம். நீலத்துக்குச் செம்பு. இவற்றில் கடினமானது நீலம்தான்: நிறம் தரும் செம்புச் சேர்மம் அதிகச் சூட்டில் சிதைந்துவிடும், சூடு குறைந்தால் வெளிச்சம் மங்கும். அமெரிக்கக் கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று இருக்க, வாணம் செய்கிறவர்களுக்கு மூன்றாவது நிறம்தான் ஒவ்வொரு வருடமும் பரீட்சை. சுத்தமான ஆழ்ந்த நீலம் ஒன்று விரிந்தால் கை தட்டுங்கள்.

படம் எடுப்பதானால் கேமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் 8 முதல் 11, இரண்டிலிருந்து நான்கு விநாடி. போனில் ஃபிளாஷை அணைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும். ஒரு வீடியோ எடுத்துவிட்டு போனைப் பைக்குள் போடுங்கள். ஊரில் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்கப் போவதில்லை.

கிளம்புவது

இரண்டே வழி. உச்சக்கட்டம் தொடங்கியதும் எழுந்து, படிக்கட்டுக்கு மேலே நின்றபடி பார்த்துவிட்டு, கடைசி வெடியின் சத்தம் அடங்குமுன் நடந்துவிடுவது. சாமானை முன்பே கட்டி வைத்திருந்தால்தான் இது நடக்கும். அல்லது எல்லோரும் போகட்டும் என்று அங்கேயே ஒரு மணி நேரம் இருந்துவிடுவது. ஆனால் இரவு எத்தனை மணிக்கு மணலை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று ஊருக்கு ஒரு விதி உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிளம்புகிறவர்கள்தான் பாலத்தில் நிற்கிறார்கள்.

ரயிலில் வந்தவர்கள் முதல் வழி. காரில் வந்தவர்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். இதற்காகவே ஒரு ஃபிளாஸ்க் காபியும் கொஞ்சம் முறுக்கும் தனியாக எடுத்து வையுங்கள், முன்னாடியே காலி செய்ய விடாதீர்கள். டார்ச் அடித்து ஜமுக்காளத்தைச் சுற்றி ஒரு முறை பாருங்கள்: செருப்பு ஒன்று எப்போதும் மணலுக்குள் இருக்கும்.

அம்மா வந்திருந்த அடுத்த முறை இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் வடிந்து, அலைச் சத்தம் திரும்பக் கேட்கத் தொடங்கியிருந்தது. பதினொன்றே காலுக்குக் கிளம்பினோம், பார்க்வே காலியாக இருந்தது, பன்னிரண்டு மணிக்கு வீடு. காரை விட்டு இறங்கும்போது அம்மா கேட்டார்: "தீபாவளிக்காவது போட விடுவாங்களா?"